மூன்றாவது காரணம்

மண்ணரிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சுரண்டி பிடித்துக் கை காய்த்துப் போனவர்களுக்குத் தெரியும், அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

எழுபதுகளின் கடைசி. தேயிலைத் தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிது. பழைய துரை போய்ப் புதுத் துரை வந்திருந்தார். பங்களா நாயின் பெயர் மாறியதைத் தவிர வேறு மாற்றம் என் கண்ணில் படவில்லை. ஹாலிஎலைக்கு மேலே இருந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய ஒரே பெண் நான். உயர்தரப் பரீட்சை எழுதியே தீருவது என்று வெறி பிடித்திருந்தது. செடி, மண், நீர் என்று சூழலைப் பற்றிப் படிக்கத்தான் ஆசை. தமிழில் விஞ்ஞானம் சொல்லித்தர எங்கள் பக்கம் ஆளும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால், "ஒங்களுக்கெல்லாம் அது எதுக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். சரி போ என்று, ஆய்வுகூடம் வேண்டாத புவியியலை எடுத்துக்கொண்டேன். கூடவே தமிழ், இந்து நாகரிகம். மூன்றையும் தேறிவிட்டால் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு மனுப் போடலாம். தேறாவிட்டால் ஆயுசுக்கும் சுரண்டிதான்.

வயது வந்த ஆள் லயத்தில் சும்மா இருக்கக் கூடாது என்பது தோட்டத்தின் சட்டம். விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்தாக வேண்டும். அம்மாவைக் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள், என்னைப் புல்லு வெட்டுக்கு. வெட்டு என்று பேர்தான். கையில் வளைந்த தகடு வைத்த சுரண்டியைக் கொடுத்து, தேயிலைக்கு நடுவே முளைத்ததையெல்லாம் வேரோடு சுரண்டச் சொல்வார்கள். புல்லோடு மேல்மண்ணும் உரிந்து வரும். பச்சையாக ஒரு இணுக்குக்கூட மிஞ்சக் கூடாது. அப்படி வழித்துவிட்ட சரிவில் ஒரு மழை பெய்தால் போதும், மண் கரைந்து கீழே ஓடும் ஓயாவில் போய் விழும்.

பதுளை பஸாரில் ஒரு முஸ்லிம் நானாவின் புத்தகக் கடை இருந்தது. அங்கே புவியியல் கையேடு ஒன்று வாங்கினேன். "தங்கச்சி, இதப் பாடமாக்குங்க, வேற ஒண்ணும் தேவல்ல. மார்க் போடுறவங்களும் இதத்தான் பாக்கிறாங்களாம்" என்றார் நானா. சொல்லித்தர ஆள் இல்லாதவளுக்கு அந்தக் கையேடுதான் வாத்தியார். பக்கத்தைக் கிழித்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சுரண்டிக்கொண்டே வாய்க்குள் ஒப்பிப்பேன்.

அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் மண்ணரிப்புப் பாடம் வந்தது. மலைநாட்டில் மண் அரிக்கப்படுவதற்கான காரணங்கள். ஒன்று, செங்குத்தான சரிவு. சரி. இரண்டு, கடும் மழை. சரி. மூன்று, களை எடுக்கும் தோட்டத் தொழிலாளர்களின் அறியாமை.

சுரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அடப் பாவிகளா! சுரண்டியைச் செய்தது நாங்களா? சுரண்டச் சொன்னது நாங்களா? பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழி வந்து விழுந்தது என் தலையிலும் என் அம்மா தலையிலும். அந்தப் பக்கத்தை எழுதிய மனிதர் ஒரே ஒரு நாள் எங்கள் பெரட்டில் வந்து நின்றிருந்தால், யாருடைய அறியாமை என்று காட்டியிருப்பேன்.

அடுத்த பக்கத்தில் பரிகாரமும் போட்டிருந்தது. சரிவில் தரையோடு படரும் சிறு செடிகளை விட்டுவைத்தால் அவை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அறியாமைதானே? இதோ அறிந்துகொண்டேன் என்று, மறுநாள் என் நிரையில் புல்லை மட்டும் எடுத்துவிட்டுத் தரையில் படரும் புளியாரையை அப்படியே விட்டேன். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து பார்த்தார்.

"ஏய் புள்ள, இது என்னா, தேயில மலையா பூந்தோட்டமா?"

"மண்ணு ஓடாம இருக்கும்ங்க ஐயா. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"புஸ்தகத்துலயா? அப்ப சம்பளத்தையும் புஸ்தகத்துக்கிட்டயே வாங்கிக்க. இன்னைக்கு ஒனக்கு அரைப்பேர்."

அரைப்பேர் என்றால் முழு நாள் உழைப்புக்குப் பாதிச் சம்பளம். அதோடும் விடவில்லை. சாயங்காலம் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, அந்த நிரை முழுவதையும் என்னைக் கொண்டே வழித்தெடுக்க வைத்தார். புளியாரையை வேரோடு பிடுங்கும்போது அழுகை வந்தது. ஆத்திர அழுகை.

பரீட்சைக்கு விடுப்புக் கேட்கப் போனபோது தோட்ட ஆபீசில் கேலியாகச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். அம்மா போய் என்ன சொன்னாளோ, விடுப்பு வந்தது. பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். முந்தின இரவு நல்ல மழை. ரயிலிலிருந்து பார்த்தேன், ஓயா சிவந்து போய் ஓடிற்று. அதே எரிச்சலோடு போய் உட்கார்ந்தால், வினாத்தாளில் அதே கேள்வி: மலைநாட்டின் மண்ணரிப்புக்கான காரணங்களை ஆராய்க.

மூன்றாவது காரணத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கையேட்டு வரியை எழுதினால் மார்க் நிச்சயம். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் கை கேட்டால்தானே! களையைச் சுரண்டுவது நிர்வாகத்தின் கட்டளை, மறுக்கும் தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம் வெட்டப்படும், அறியாமை கட்டளை இடுகிறவர்களுடையது என்று ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது ராணி மாதிரி நடந்தேன்.

முடிவு வந்தது. தமிழ் தேறியிருந்தேன். இந்து நாகரிகம் தேறியிருந்தேன். புவியியல் போய்விட்டது. அந்த ஒரு பக்கம்தான் கவிழ்த்ததா, வேறு விடைகளா, யாருக்குத் தெரியும்? அம்மா விடவில்லை. என்ன எழுதினாய் என்று துருவித் துருவிக் கேட்டாள். சொன்னேன். மெச்சுவாள் என்று நினைத்தேன், மடச்சி!

"நாங்க அறிவில்லாதவங்கன்னு எழுதிட்டு வந்தா என்னாடி?" என்று கத்தினாள். அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "லீவு கேக்க ஆபீசுக்குப் போனேனே, என்னா சொல்லி வாங்கினேன்னு தெரியுமா? 'எம்மக புத்தியில்லாதவ, நானும் புத்தியில்லாதவ, மன்னிச்சு விடுங்கய்யா'ன்னு கைகட்டி நின்னேன். யாருக்காக? நீ மறுபடி அந்த மலையில போயி நிக்கக் கூடாதுன்னுதானே? நான் வாயால சொன்ன பொய்ய நீ கையால ஒரு வரி எழுதினா கொறஞ்சா போயிருவ?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கிற்று. கிட்டப் போகப் பயமாக இருந்தது.

ஒரு வருடம் மறுபடி சுரண்டினேன். மறுபடி பதுளைக்குப் போனேன். கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட்டு மண்ணரிப்பையே கேட்டிருந்தார்கள். மலைநாட்டைப் பற்றி அவர்களுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? ஒன்று எழுதினேன். இரண்டு எழுதினேன். மூன்றாவதையும் கையேட்டில் உள்ளபடியே, ஒரு சொல் பிசகாமல் எழுதினேன்.

தேறிவிட்டேன். வேலையும் கிடைத்தது. செய்தி கேட்டு அம்மா லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். தன்னை அறிவில்லாதவள் என்று எழுதிக் கொடுத்துத்தான் மகள் ஆசிரியை ஆகியிருக்கிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எனக்கும் ஒரு பிடி வாயில் போட்டாள்.