மாரியாயிக்கு அடுத்த பெயர்

பேய், ஆவி என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். பதுளையில் இருபது வருஷமாக சவுண்ட் செட் போடுகிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம், எதையும் விட்டதில்லை. ஆளில்லாத இடத்தில் ஸ்பீக்கர் முனகினால் ஊர் விபூதியைத் தேடும், நான் லூஸாகிப்போன வயரைத் தேடுவேன், கிடைத்தும் விடும். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. உங்கள் முகத்தைப் பார்த்தாலே நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிகிறது, இருந்தாலும் கேளுங்கள்.

போன வருஷம் பரீனா என்னைத் தேடி வந்தாள். எங்கள் பதுளைப் பெண்தான், கொழும்பில் இசை, நாடகம் என்று திரிகிற ஒரு கூட்டத்தோடு வேலை செய்கிறாள். அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று மூடிக் கிடக்கிறது, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், தோட்டத்து மக்கள் வாயில் அது எப்போதும் 'ஸ்டோரு'தான். அதற்குள் பத்துப் பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒன்றாக நடக்க வேண்டும், ஒவ்வோர் அறைக்கும் ஒரு இசை, இங்கே நில்லுங்கள், இப்போது படியேறுங்கள் என்று காதுக்குள்ளேயே ஒரு குரல் வழிகாட்ட வேண்டும், நாற்பது நிமிஷம். எல்லாம் என் லேப்டாப்பிலிருந்து ஒரே நேரத்தில் எல்லாக் காதுக்கும் போகும். பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டே சரி என்றேன், ஏனென்றால் அந்த ஸ்டோரில்தான் என் அம்மா இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தாள்.

நடையின் கடைசிப் பகுதி என் யோசனை. காலையில் தப்புப் பறை அடித்து ஆட்களைக் கூட்டி, கணக்கப்பிள்ளை பெயர் வாசித்து வேலை பிரிப்பாரே, அந்தப் பெரட்டு. ஸ்டோர் அலுவலக அறையில் கறையான் தின்றது போக மிஞ்சிக் கிடந்த செக்ரோல் என்கிற வருகைப் பதிவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுதாகக் கிடைத்தது, பன்னிரண்டு பெண்களின் பெயர். தப்பைத் தாழ்வாக ஒலிக்கவிட்டு நானே கணக்கப்பிள்ளை மாதிரி அவற்றை வாசித்தேன், ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் பதில் சொல்ல நான்கு வினாடி இடைவெளி, பதில் வராது, அதுதான் விஷயம். ஆனால் நான் வாசித்தது பதினொரு பெயர்தான். ஆறாவது மாரியாயி, ஏழாவது லெட்சுமி, எட்டாவது பொன்னம்மா. லெட்சுமி என் அம்மா. பெற்றவளைப் பெயர் சொல்லி அதட்டிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, விட்டுவிட்டேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயரை நான் பதிவு செய்யவே இல்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மாரியாயி பேரு இருக்கா அதுல?"

"இருக்கும்மா. ஒனக்கு முந்தின பேரு."

பிறகு என் வயசுக்கு அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னாள். "அன்னிக்கு அவ பெரட்டுக்கு வரல தம்பி. பிந்தி வந்தா வேலை இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. எப்படியும் வந்துருவான்னு அவ பேருக்கும் நான்தான் இருக்கேங்கன்னு கொரல் குடுத்தேன். நாங்க எல்லாரும் செய்யிறதுதான் அது. அவ குறுக்குப் பாதையில வழுக்கி ஓடைக்குள்ள கெடந்துருக்கா. ஸ்டோருல இருக்கான்னு அவ புருஷன் நெனச்சாரு. பிந்தி வந்து மாடியில நிக்கிறான்னு நான் நெனச்சேன். சாயங்காலம் தேடிப் போனப்ப உசிரு இல்ல."

"நீ நல்லதுக்குத்தானேம்மா சொன்ன."

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா காலையிலயே ஆள் அனுப்பித் தேடியிருப்பாங்கடா." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அவ பேரக் கூப்புடுறப்ப நான் அங்க நிக்கணும். யாரும் பதில் சொல்லக் கூடாது. ஒரு தடவையாச்சும் அந்தப் பேரு பதில் இல்லாம நிக்கணும்."

முப்பது வருஷமாக இதைச் சுமந்துகொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

ஒத்திகை ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. நடுராத்திரிக் கதை இல்லை இது, நல்ல பகல், ஆனால் அப்புத்தளைப் பகல் உங்களுக்குத் தெரியும், உடைந்த ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து மெஷின்களின் மேல் படுத்திருந்தது. பத்துப் பேர், பத்து ஹெட்போன், அதில் ஒன்று அம்மாவுக்கு. வாசலில் ஸ்டோருக்குக் காவல் சாமியான ரோதமுனிக்கு அம்மா சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள், நான் வழக்கம்போல் கிண்டல் செய்தேன். பரீனா தனக்கென்று தனியாக ஒரு ஹெட்போனோடு அவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள். நான் லேப்டாப்போடு கீழே வாசலிலேயே உட்கார்ந்து, நானும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரைக்கிற அறை முடிந்தது, அடுப்பு அறை முடிந்தது, பிறகு கொழுந்து வாட்டுகிற மாடி. மாடியின் ஒரு பக்கம் பலகை உளுத்துவிட்டது என்று கயிறு கட்டி வைத்திருந்தோம். கடைசியில் எல்லாரும் படியிறங்கி, பெரட்டு நடந்த வாசலுக்கு வந்து வரிசையாக நின்றார்கள். காதில் தப்பு தொடங்கிவிட்டது. பரீனா ஒரு பக்க ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு என்னைத் தொட்டாள்.

"பத்துப் பேரும் வந்தாச்சா அண்ணே?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, நாங்கள் வந்த வேனில் போய் உட்கார்ந்திருப்பாள், பெயர் கூப்பிடும்போது வந்துவிடுவாள் என்று மனசு தானாகவே ஒரு கணக்குப் போட்டது. "வந்தாச்சு, வந்தாச்சு" என்றேன்.

என்ன சொன்னேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெயர்கள் ஓடின. ஐந்தாவது. ஆறாவது, மாரியாயி. நான்கு வினாடி. அடுத்து பொன்னம்மா வர வேண்டும்.

"லெட்சுமி."

என் குரல். கணக்கப்பிள்ளை மாதிரி நான் இழுத்த அதே இழுப்பு. எங்கேயோ தப்பாக ஒட்டிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு அந்தப் பெயரைப் பதிவு செய்யவே இல்லையே என்பது நினைவுக்கு வந்து, நான் சொல்வதை நம்புங்கள், முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. நான்கு வினாடி தாண்டியது. அடுத்த பெயர் வரவில்லை. தப்பும் நின்றுவிட்டது.

"லெட்சுமி."

சுற்றிப் பார்த்தேன், எல்லாரும் அமைதியாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், யார் முகத்திலும் மாற்றம் இல்லை. எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான். மூன்றாவது முறை அந்தக் குரல் கூப்பிட்டபோது அதில் அதட்டல் இல்லை, அழுகை வரப்போகிற மாதிரி இருந்தது, என் குரல்தான், ஆனால் நான் அப்படிப் பேசி நானே கேட்டதில்லை. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வேனுக்கு ஓடினேன், வேன் காலி, திரும்பி உள்ளே பாய்ந்து படியேறினேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம், அம்மாவின் ஒரு கால் தொடை வரைக்கும் பலகைக்குள் போயிருந்தது. இரண்டு கையாலும் ஒரு தூணைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பலகை முறிகிற சத்தம் கேட்டது, கீழே இருபதடி ஆழத்தில் அரைக்கிற அறையின் சிமெந்துத் தரை. அந்த ஜன்னலில் நின்றால் குறுக்குப் பாதை தெரியுமாம், மாரியாயி விழுந்த இடத்தைப் பார்க்கப் போயிருக்கிறாள். கத்தியிருக்கிறாள், எத்தனையோ முறை கத்தியிருக்கிறாள். யாருக்குக் கேட்கும்? எல்லார் காதையும் பாட்டால் அடைத்து வைத்தவன் நான்தானே. குப்புறப் படுத்து ஊர்ந்துபோய், என் பின்னாலேயே ஓடி வந்த வேன் டிரைவர் காலைப் பிடித்துக்கொள்ள, இழுத்து எடுத்தேன். நாங்கள் விலகிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பலகை மொத்தமும் கீழே போனது.

அன்று சாயங்காலம் பதுளை ஆஸ்பத்திரியில் தொடைக்குத் தையல் போட்டு அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலோரம் நானும் அவளும் மட்டும்தான்.

"மாரியாயி பேருக்கு யாரும் பதில் சொல்லலியே?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லலம்மா."

"அப்புறம் நீ என் பேரக் கூப்புட்ட. கேட்டுச்சு."

அவளுடைய ஹெட்போன் பலகை முறிந்தபோதே கீழே விழுந்துவிட்டது. அரைக்கிற அறைத் தரையில் துண்டு துண்டாகக் கிடந்ததை நான்தான் பொறுக்கினேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

"பதில் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன் தம்பி, கொரல் வரல. எனக்கு முந்தி அவ சொல்லிட்டா."

"யாரும்மா?"

"மாரியாயிதான். இருக்கேங்கன்னு எனக்காக அவ பொய் சொல்லல. 'லெட்சுமி இன்னும் வரலங்க, போய்ப் பாருங்க'ன்னா." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். முப்பது வருஷத்து அழுகை அது, நான் தடுக்கவில்லை.

வலியில் மனசு என்னென்னவோ கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அந்த ஃபைலைத் திறந்து நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். மாரியாயி, நான்கு வினாடி, பொன்னம்மா. அவ்வளவுதான், லெட்சுமி இல்லை. வந்திருந்தவர்களையும் விசாரித்தேன், யாருக்கும் அந்தப் பெயர் கேட்கவில்லை, நடுவில் ஒரு மௌனம் மட்டும் ரொம்ப நீளமாக இருந்ததாம், நன்றாக இருந்தது என்று ஒருவர் பாராட்டக்கூடச் செய்தார். இதுவரைக்கும்கூட ஒரு லூஸ் வயரைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

இரண்டு நாள் கழித்து அம்மாவைப் பார்க்க பரீனா வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை, சத்தியம். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க ஹெட்போனக் கழட்டி வீசிட்டு ஓடுறப்ப, 'வரலையாம், போய்ப் பாக்கச் சொல்றாங்க'ன்னு கத்திக்கிட்டே ஓடினீங்களே. யாரு சொன்னது?"

நான் அப்படிக் கத்தியது எனக்கு ஞாபகமே இல்லை.