பின்னால் போகாத சீட்டு

உட்காரும் சீட்டுக்கும் கரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அந்தக் கார் வருவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஊரைவிட்டுப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் என் முதலாளி வாங்கிய அமெரிக்கக் கார் அது. முன்பக்கம் இரண்டு பேருக்கும் ஒரே நீளச் சீட்டு, அதன் ஓரத்தில் ஒரு சுவிட்சு இருக்கும். அதை முன்னால் தள்ளினால் சீட்டு முழுவதும் முனகிக்கொண்டே முன்னால் வரும். பின்னால் தள்ளினால் பின்னால் போகும்.

நான் டிரைவர், ஆறடிக்கு மேல் உயரம். முதலாளி என் நெஞ்சுக்குத்தான் வருவார். தென்காசியில் நான்தான் ஓட்டுவேன். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும்போது மட்டும் அவருக்கு ஆசை வந்துவிடும், தானே ஓட்டுவார். வளைவில் ஹாரன் அடிப்பாரே தவிர பிரேக்கை மிதிக்கமாட்டார். முட்டி தாடையில் இடிக்க நான் பக்கத்தில் இருப்பேன். பின்சீட்டில் அவர் மனைவி, நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு வருவார்.

அப்படி ஒரு குளியலுக்குப் போய் வந்த மறுநாள் காலையில் சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தேன். முனகியது, ஒரு விரற்கடை நகர்ந்தது, நின்றுவிட்டது. ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் என் வயிறு நுழையவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். "சீட்டு சரியாத்தான்லே இருக்கு. நீதான் கூட வளந்துட்ட" என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "புளியறையில குட்டையா ஒரு டிரைவர் இருக்கான். இது சரியாகலேன்னா அவன வரச் சொல்லிருதேன். அதுவரைக்கும் நானே ஓட்டிக்கிடுதேன்."

வீட்டில் என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அன்றைக்கே சீட்டைப் பழுது பார்க்க உட்கார்ந்தேன்.

பேட்டரியில் குறை இல்லை. விளக்கு எரிந்தது, ஹாரன் ஊரைக் கூட்டியது. சுவிட்சைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். அதே முனகல்தான். டார்ச்சை அடித்துச் சீட்டுக்கு அடியில் பார்த்தேன். மோட்டார், வயர்கள், வண்டி துடைக்கிற மஞ்சள் துணி, அவ்வளவுதான். வயலுக்கு இறைக்கும் பம்புசெட் மோட்டாரைப் பழுது பார்க்கிற அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். சீட்டில் காதை வைத்துக் கேட்டவர், "மோட்டார் சுத்துது, ஆனா சூடாகித் தெணறுது" என்றார்.

அன்று சாயங்காலம் முதலாளி குற்றாலத்துக்கு ஓட்டிப்போய், அருவிக்குப் போகிற மேட்டில் வண்டியைச் சாய்வாக நிறுத்தினார். சும்மா சுவிட்சைத் தள்ளிப் பார்த்தேன். சீட்டு வழுக்கிக்கொண்டு கடைசிவரை பின்னால் போனது! குதிக்காத குறைதான். ஆனால் திரும்பும்போதும் அவரே முன்னால் இழுத்து ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

"பாத்தியா, சாரல் காத்துல மோட்டார் குளுந்திருக்கு" என்றார் அண்ணாச்சி. அவர் பேச்சைக் கேட்டு மோட்டாரின் மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினேன். வண்டிதான் நாறியதே தவிர சீட்டு அசையவில்லை. தென்காசியில் மக்கர், குற்றாலத்தில் நல்ல பிள்ளை. மனிதர்களைப் போல இதற்கும் சீசன் கேட்குமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலாளியோ தினமும் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். புளியறைக்காரன் திங்கட்கிழமை வருவதாகத் தகவலும் வந்துவிட்டது.

சாக்கையாவது எடுப்போம் என்று பின்பக்கம் மண்டியிட்டுக் கையை விட்டேன். மஞ்சள் துணி கையில் தட்டுப்பட்டது. இழுத்தால் கனத்தது. உள்ளே முழுத் தேங்காய்.

"ஐயோ, அத எடுக்காத!" அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். "அவுக காரோட்டுறத விட்டுட்டா இலஞ்சி முருகனுக்கு உடைக்கேன்னு நேந்து மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சது. வீட்டுல வச்சா அவுக கண்ணுல பட்ரும்னு இங்கன தள்ளி வச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அம்மா, இந்தத் தேங்கா சீட்டுச் சட்டத்துக்குப் பின்னால முட்டிக்கிட்டுல்லா இருந்திருக்கு! மேட்டுல வண்டி சாஞ்சா ஓரமா உருண்டு வழி விட்டிருக்கு. சமதரையில முட்டுது. சீட்டு பின்னால போகாம நான் எப்படி ஏற? அதான் மொதலாளி தெனமும் ஓட்டுதாக."

அம்மா அப்படியே கார் ஷெட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பம், எங்கன வச்சா சீட்டு முன்னால வராது?"

உப்பிட்டவருக்கு இரண்டகம் செய்யலாமா என்று யோசித்தேன். உப்புப் போட்டுச் சமைப்பவரே கேட்கும்போது நான் என்ன சொல்ல? புளியறைக்காரனையும் நினைத்துக்கொண்டேன். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, தேங்காயைச் சட்டத்துக்கு முன்னால் வைத்து, எந்த மேட்டிலும் உருளாதபடி அந்தச் சாக்கையே சுற்றி அடைத்தேன்.

சாயங்காலம் முதலாளி ஏறி உட்கார்ந்தார். கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சுவிட்சைத் தள்ளினார், முனகியது. "என்னலே இது? இப்பம் முன்னால வரமாட்டேங்கு!" பம்புசெட் அண்ணாச்சி வந்து மறுபடியும் காதை வைத்துக் கேட்டார். "அதே சூடுதான்" என்றார்.

சீட்டை நாலு திட்டுத் திட்டிவிட்டு முதலாளி பின்னால் போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். புளியறைக்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குற்றாலத்துக்கு நான் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன், அம்மா கண்ணைத் திறந்துகொண்டு மலையைப் பார்த்தபடி வந்தார்.

அடுத்த சீசன் வந்தபோது முதலாளிக்குக் கார் ஓட்டும் ஆசையே விட்டுப்போயிருந்தது. ஒருநாள் அம்மா ஷெட்டுக்கு வந்தார். "நேந்தது பலிச்சிட்டு. தேங்காய எடுத்துத் தா, இலஞ்சிக்குப் போய் உடைச்சிட்டு வந்திருதேன்."

"எடுத்தா சீட்டு நகருமே அம்மா."

அவர் கார் கதவைத் தட்டிக்கொடுத்தார்.

"அப்பம் இருக்கட்டும்" என்றார். "முருகன் பொறுத்துக்கிடுவான்."