பிளாக்டவுனில் ஒரு விளக்கீடு

2012இல் நாங்கள் பிளாக்டவுன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றில் குடியிருந்தோம். நாங்கள் என்று சொன்னாலும் வாரத்தில் பெரும்பாலான நாள்கள் நான் மட்டும்தான். கணவருக்குச் சிட்னியில் வேலை என்று சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். வந்த சில மாதங்களிலேயே மெல்போர்னில் ஒரு ப்ராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை விடிவதற்குள் விமானம் ஏறினால் வெள்ளி இரவுதான் திரும்புவார். கரூரில் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இங்கே கற்பிக்க வேண்டுமென்றால் இன்னொரு படிப்பு படித்தாக வேண்டும் என்றார்கள். படிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்காமலே நாள்கள் போய்க்கொண்டிருந்தன.

பகல் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டுச் சாயங்காலம் கடைக்குப் போவேன். பணம் கொடுத்துவிட்டு 'தேங்க் யூ' சொல்லும்போது குரல் கரகரவென்று வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொல்வேன். கடைப் பெண் விநோதமாகப் பார்ப்பாள்.

பண்டிகைகள் அங்கே சனிக்கிழமைகளில்தான் வரும். தீபாவளி எந்தக் கிழமையில் வந்தாலும், ஹால் எந்தச் சனிக்கிழமை கிடைக்கிறதோ அன்றைக்குத்தான் கொண்டாட்டம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவோம். பிள்ளைகள் ஆடுவார்கள். அட்டைத் தட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவோம். கார்த்திகை தீபத்தை மட்டும் யாரும் சனிக்கிழமைக்கு மாற்றவில்லை. அது அந்த வருடம் வார நடுவில் வந்தது.

அம்மா போனில் சொல்லிவிட்டாள். "ஆறு மணிக்கெல்லாம் ஏத்திரு. வாசல்ல ரெண்டு வை. மறந்துறாத."

ஆறு மணிக்கு பிளாக்டவுனில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அது அங்கே கோடை. எட்டு மணிக்கு முன் இருட்டாது. அதுவரை என்ன செய்வது என்று பொரி உருண்டை பிடித்தேன். நெல்பொரி கிடைக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் காலை உணவுக்கென்று டப்பாவில் விற்கும் பொரியை வாங்கி வெல்லப்பாகில் போட்டேன். பாகு பட்டதும் அது சுருங்கி நமத்துப் போனது. உருண்டை என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்தது.

தீபாவளிக்கு விற்றதுபோக இந்தியக் கடையில் மிச்சமிருந்த அகல்விளக்குகளைப் பால்கனியில் வரிசையாக வைத்து, எட்டு மணிக்கு மேல் ஏற்றினேன். நாங்கள் இருந்தது முதல் மாடி. பொரித் தட்டை எடுத்துவர உள்ளே போனபோது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, உங்கட விளக்கு நூந்து போச்சு."

எட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிற வேலைச் சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் சொன்னது சட்டென்று பிடிபடவில்லை. "அணைஞ்சு போச்சா?" என்று கேட்டேன்.

"ஓம். நூந்து போச்சு எண்டுதான் நாங்க சொல்றது. அங்க காத்து விடாது. கீழ கொண்டு வாங்கோ. இந்தச் சுவருக்குப் பின்னால நிண்டு எரியும்."

அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் வேறு மூன்று ஆண்களோடு தங்கியிருந்தவர் அவர். இலங்கையிலிருந்து படகில் வந்து, தடுப்பு முகாமில் அடைபட்டு, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இதெல்லாம் தபால் பெட்டிகள் பதித்த அந்தக் குட்டைச் சுவருக்குப் பின்னால் அகல்களை வைக்கும்போது அவரே சொன்னது. அத்தனை மாதமாக அவர் தலைக்கு மேலேதான் நான் நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"இண்டைக்குக் கார்த்திகை விளக்கீடு எண்டு எனக்கு நினைவே இல்லை" என்றார். "உங்கட விளக்கைக் கண்டாப் பிறகுதான் யோசிச்சனான். ஊரில வாசல் படலையடியில வாழைக்குத்தி நட்டு, அதுக்கு மேல விளக்கு வைப்பம்."

விளக்குகள் நின்று எரிந்தன. அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு போனை எடுத்தார். வவுனியாவில் இருக்கும் மனைவிக்கு என்று பேச்சிலிருந்து புரிந்தது. அங்கே இன்னும் பிற்பகல்தான். விளக்கு வைத்த கதையை மகளுக்குச் சொல்லச் சொன்னார். அப்புறம், நான் எதிர்பார்க்காத நேரத்தில், போனை என் பக்கம் நீட்டினார்.

"என்ர மனுசி. ஒருக்கால் கதையுங்கோ அக்கா."

ஒரு பெண்ணின் மெல்லிய குரல் கேட்டது. "அக்கா, அவர் நேரத்துக்குச் சாப்பிடுறாரோ? மெலிஞ்சு போனாரோ? கேட்டா உண்மை சொல்ல மாட்டார்."

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தே அரைமணி நேரம் ஆகியிருக்காது. முன்பு எப்படி இருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் வேறு பக்கம் திரும்பி, காற்று மறைக்கக் கையைக் குவித்துக்கொண்டு நின்றார். சட்டையின் தோள்பட்டை இரண்டு பக்கமும் தொங்கியது.

"நல்லாத்தான் இருக்கார்மா. நல்லா சாப்பிடுறார். நீங்க கவலைப்படாதீங்க" என்றேன்.

"நீங்க பக்கத்தில இருக்கிறது எவ்வளவு நிம்மதி, அக்கா" என்றாள். என் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சொன்னதை மெய்யாக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகச் சமைத்தேன். ஒருவருக்குச் சமைப்பது அலுத்துப்போய், பல நாள்கள் ரொட்டியும் தயிருமாக ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். சாம்பார், பொரியல், சில நாள் மீன் குழம்பு. டப்பாவைக் கீழ் வீட்டுக் கதவடியில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டு வருவேன். டப்பா ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. பின்பக்கத்தில் அவர்கள் வளர்த்த பச்சை மிளகாயோ தக்காளியோ அதில் இருக்கும். எங்களுக்குள் பேச்சு அதிகமில்லை. "குழம்பு நல்லாயிருந்தது அக்கா" என்பார். "ஆமா, புளி கொஞ்சம் தூக்கல்" என்பேன். அவ்வளவுதான்.

கணவரிடம் சொன்னபோது, "நல்லதுதானே, உனக்கும் பொழுது போகும்" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவரோடு மேலே பேசப் பிடிக்கவில்லை.

பொங்கல் முடிந்த வார இறுதியில் இருவரும் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனோம். காரை நிறுத்த இடம் தேடியே வெகுநேரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது தரைத்தளத்து வீட்டின் முன்னால் ஒரு மெத்தை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அங்கே தங்கியிருந்த இன்னொருவர் வெளியே வந்தார்.

"அவர் மெல்போர்னுக்குப் போயிட்டார் அக்கா. அங்க வேலை சரிவந்திட்டுது. உங்களிட்டச் சொல்லத்தான் மேல வந்தவர். நீங்க இல்லை."

திங்கட்கிழமை கணவர் மெல்போர்னுக்குக் கிளம்பினார். நான் வழக்கமான அளவு அரிசியைக் களைந்துவிட்டு, பாதியைத் திரும்ப எடுத்தேன். அது ஈரமாகிவிட்டிருந்தது. எல்லாவற்றையும் வடித்து, மூன்று வேளையும் நானே சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, மத்தியானத்தில் போன் அடித்தது. வெளிநாட்டு எண். அவர் மனைவிதான்.

"அவர் இங்க இல்லையேம்மா, தெரியுமில்ல?" என்றேன் அவசரமாக.

"தெரியும் அக்கா. நான் உங்களோட கதைக்கத்தான் எடுத்தனான்."

அவளே பேசினாள். மகளுக்குத் தடிமன், மூக்கடைத்துக்கொண்டிருக்கிறது, பள்ளிக்கு அனுப்பவில்லை. மாமியார் இவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன் மகன் நாட்டைவிட்டுப் போனதற்கு இவள்தான் காரணம் என்று நினைக்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, "நீங்க பகலில தனியவோ, அக்கா?" என்று கேட்டாள்.

சிட்னிக்கு வந்த இரண்டு வருடத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் கவலைப்படுவாள் என்று அவளிடம் நானும் சொன்னதில்லை. "ஆமாம்மா, தனியாத்தான்" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன். அவள் பக்கம் ஒரு சேவல் கூவுவது கேட்டது.

அதன் பிறகு சில மாதங்கள் அப்படிப் பேசிக்கொண்டோம். ஒரு தடவை அவள் எடுப்பாள், ஒரு தடவை நான். மகள் சில நேரம் போனைப் பிடுங்கி, பள்ளியில் படித்த வாய்ப்பாட்டை ஒப்பிப்பாள். தப்பினால் நான் திருத்துவேன். 2013 கடைசியில் நாங்களும் மெல்போர்ன் பக்கம், டார்னெய்ட்டுக்கு வீடு மாறினோம். அவள் கணவரும் அதே ஊரில்தான் எங்கோ இருந்தார். விசா விஷயம் ஒன்றும் முடிவாகவில்லை என்று அவள் சொல்லித்தான் தெரியும். அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானும் போகவில்லை. ஒருநாள் அவள் எண்ணுக்கு அடித்தபோது, அது உபயோகத்தில் இல்லை என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பதிவுக் குரல் சொன்னது. நான் அந்தத் தமிழை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.