மதினியின் சுருதி

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. கன்னிவாடியில் எங்கள் வீட்டுக்குப் பழனியிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மிருதங்கம் வாசிக்கிறவர். அவருடைய அக்கா பாட்டுக்காரி. கோயில் விசேஷம், கல்யாண வீடு, சபா என்று சுத்துப்பட்டில் பேர் எடுத்தவர். அந்த அக்காவும் அவருடைய தங்கையும் ஜோடியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். தங்கையைச் சிலோனில் கட்டிக்கொடுத்து, அவள் கப்பலேறிப் போனதும், ஜோடியில் ஓர் ஆள் குறைந்துபோயிற்று. அந்த இடத்துக்குத்தான் என்னைப் பார்க்க வந்தது.

பிற்பாடு எனக்கு மதினியான அந்த அக்கா, கொண்டுவந்திருந்த சுருதிப்பெட்டியில் ஐந்தரைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, இதில் பாடும்மா என்றார். கட்டை என்பது பாடுகிறவர் நிற்கிற தரை மாதிரி. ஆளுக்கு ஆள் உயரம் மாறும். என் தரை நாலரை. அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் கன்னிவாடிக்காரிக்குத் தொண்டை இல்லை என்று ஊரில் போய்ச் சொல்வார்களே என்று எனக்கு வீம்பு. எங்கள் ஊர்க் கோயில் மார்கழி பஜனையில் என் குரலைக் கேட்கவென்றே வெள்ளனே எழுந்து வந்தவர்கள் உண்டு. மூச்சைப் பிடித்து ஐந்தரையில் ஏறிப் பாடினேன். அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

நோட்டீசில் எங்களைச் சகோதரிகள் என்றே போட்டார்கள். எழுத்துக்கூட்டி நானே படித்துப் பார்த்தேன். கச்சேரிக்கு இரண்டு பேரும் ஒரே நிறத்தில் உடுத்தவேண்டும் என்று, சிலோனுக்குப் போனவள் விட்டுப்போன பட்டுச் சேலைகளை எனக்குக் கொடுத்தார்கள். அவள் என்னைவிடக் குட்டை. கொசுவத்தை இறக்கி வைத்து ஒப்பேற்றினேன். சுருதியை அப்படி ஒப்பேற்ற முடியாது. மேல் ஸ்தாயியில் மதினி சிட்டாகப் பறக்கும்போது நான் வாயை மட்டும் அசைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன். கேட்டவர்கள் சின்னவளுக்கு மேலே எட்டாது என்று பேசிக்கொண்டார்கள். எட்டாதவளா நான்? என் தரையில் நிற்கவிட்டால் அவர்கள் எல்லாரையும்விட மேலே எட்டுவேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மதினி ஒருநாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. சாப்பிடும்போது என் இலையில் முதலில் நெய் விடச் சொல்லுவார். அதுதான் இன்னும் கஷ்டம். சண்டைக்காரியாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால் காலையில் எழுந்தால் பேச்சே வராமல் காற்று வந்தது. என் வீட்டுக்காரர் டாக்டரிடம் கூட்டிப்போனார். தொண்டைக்குள் காய்ப்புக் காய்த்திருக்கிறது, ஆறு மாதம் பாடவே கூடாது, இதே மாதிரி கத்தினால் இருக்கிற குரலும் போய்விடும் என்றார் டாக்டர். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தைப்பூசத்துக்குப் பாடினேன். பங்குனி உத்திரத்துக்கும் பாடினேன்.

சித்திரை கழிந்ததும் கோடைக்கானலில் கச்சேரி வந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. சீசனுக்கு மலையேறி வந்து தங்குகிற மில்காரர்களும் ஆபீசர் வீட்டுக்காரர்களும் கமிட்டி போட்டு, லேக்குக்குப் பக்கத்து ஹாலில் ஒரு வாரம் விழா நடத்தினார்கள். மதுரையில் ஒரு வீணைக்கார அம்மாவுக்கு என் வீட்டுக்காரர் வாசிக்கவேண்டி இருந்தது. அதை முடித்துக்கொண்டு அப்படியே மலைக்குப் போனோம். மதினி, நான், அவர், திண்டுக்கல் பிடில்காரர். பிடில்காரரை எல்லாரும் மாமா என்போம், உறவு ஒன்றும் கிடையாது. மதினி பாவாடை கட்டிப் பாடிய நாளிலிருந்து அவருக்கு வாசிக்கிறவர். மதினியைக் கிண்டல் பண்ணுகிற தைரியம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

எங்களுக்குக் கொடுத்த காட்டேஜில் பெரிய அறை ஒன்றுதான் குளிர் தாங்கும். போன அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும், சாத்தினால் குமுட்டி அடுப்பின் கரிப்புகை. மறுநாள் காலையில் பேத்துப்பாறையிலிருந்து பால் கொண்டுவந்தவர், கீழே ரோட்டில் மண் சரிந்து கெடக்கு, பஸ் மேலேயும் வராது, கீழேயும் போகாது என்றார். நாலு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அடுத்த நாள் சாயங்காலம் கச்சேரி.

ஈரத்தில் மிருதங்கத்துத் தோல் தொய்ந்துபோகும் என்பது தெரிந்த சங்கதிதான். வழக்கமாக மதினிக்கு வாசிக்கிற மிருதங்கத்தை அவர் அனலில் காட்டிக் காட்டிக் கல்லால் தட்டிச் சுருதி ஏற்றினார். ஐந்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் என்றார் மதினி. திரும்ப அனலில் காட்டி, திரும்பத் தட்டினார். பல்லைப் பிடுங்கும்போது தலைக்குள் ஒரு சத்தம் கேட்குமே, அந்த மாதிரி கேட்டது. வலதுகைப் பக்கத்து வலந்தலைத் தோல் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் வாய் பிளந்துவிட்டது.

பிறகு மதினி, வேண்டுமென்றே கிழித்தாயா தம்பி என்று கேட்டார். அவர் கல்லைக் கீழே வைத்தார். வேண்டுமென்று தோலைக் கிழிக்கிற மனுசர் அவர் இல்லை. அது மதினிக்கும் தெரியும்.

மிச்சம் இருந்தது வீணைக்கு வாசித்த மிருதங்கம். அது நீளம், நாலரைக்கு மேல் ஒரு நூல் ஏறாது. கீழேயிருந்து வேறு வாங்கிவர ரோடு இல்லை. மத்தியானம் மழை சற்று வெறித்ததும் அவர் பஜாருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். கம்பளிக்கடை பாய் மட்டும், பூம்பாறைக் கோயிலில் தவில் இருக்கு, வேணும்னா ஆள் அனுப்புறேன் என்றாராம்.

“தவிலுக்குப் பாடணும்னா தவிலை லேக்குக்கு அந்தப் பக்கம் வச்சு வாசிக்கச் சொல்லு தாயி, இந்தப் பக்கம் நீ பாடுறது கேட்கும்” என்றார் மாமா.

மதினி சிரிக்கவில்லை. மிருதங்கமே இல்லாமல் பாடிவிடலாம் என்றார். அதற்கு மாமா, அது கச்சேரி இல்லை, கூட்டுப் பிரார்த்தனை, பக்கத்து மிஷன் ஸ்கூலிலேயே அதை நன்றாக நடத்துகிறார்களே என்றார். தம்புராவை நாலரைக்கு வைத்தால் சோலி முடிந்தது, தனக்குப் பிடில் தந்தியை இறக்க ஒரு வாய் வெற்றிலை போடும் நேரம் போதும் என்றும் சொன்னார்.

“உமக்குத் தந்தி. எனக்குத் தொண்டை” என்றார் மதினி. நாலரையில் கீழ் ஸ்தாயி தனக்குப் பேசாது என்றார். சுருதியை இறக்கிப் பாடினால் குரல் போய்விட்டது என்று பழனிவரைக்கும் பேச்சு வந்துவிடும், ஒருதடவை வந்த பேச்சு திரும்பிப் போகாது என்றார். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த நிஜத்தை எட்டு வருஷமாக நான் தொண்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். புகையா, அறைச் சூடா, எதுவோ, வாய் தானாகத் திறந்துவிட்டது.

“எட்டு வருஷமா உங்க சுருதியில நான் பாடுறேன் மதினி. நாளைக்கு ஒருநாள் என் சுருதியில நீங்க பாடுங்க.”

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். “உன் சுருதியா? உனக்கு அஞ்சரைதானே?”

“நாலரை.”

“பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு அஞ்சரையிலதானேடி பாடினே?”

“பாடினேன். டாக்டர் ஆறு மாசம் வாயைத் திறக்கக் கூடாதுன்னிருக்கார். தொண்டை காய்ச்சுப்போச்சு.”

“எப்போ சொன்னார்?”

“தைப்பூசத்துக்கு முன்னாடி.”

“தைப்பூசத்துக்குப் பாடினியே.”

“பாடினேன்.”

மதினி தம்பியைப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்றார். அவர் கிழிந்த தோலின் வாரை அவிழ்த்துக்கொண்டே, தெரியும் என்றார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ரெண்டு பேருக்கும் தோணலை?” என்றார் மதினி.

“சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்பே தாயி?” என்றார் மாமா. “தம்பிக்கு வேற பொண்ணு பார்த்திருப்பே.”

யாரும் சிரிக்கவில்லை. அவருமே சிரிக்கவில்லை. மதினி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, கண்ணாடி முழுக்க வெள்ளை. வெகுநேரம் நின்றுவிட்டு, திரும்பாமலே, தம்புராவை நாலரைக்கு வை என்றார்.

மறுநாள் ஹால் நிறைந்திருந்தது. மழையில் கட்டுண்டு கிடந்த சனம், வேறு எங்கே போவார்கள்? ஸ்வெட்டரும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார்கள். தம்புரா என் மடியில். முதல் பாட்டு எடுத்தோம். என் குரல் எங்கேயும் முட்டாமல் போயிற்று. மேலே போகிற இடத்தில் பழக்கத்தில் வாயை அடக்கப் போனேன், அடக்க வேண்டிய தேவையே இல்லை. மேல் பஞ்சமம்வரைக்கும் போய் அங்கே நின்றேன். மாமா பிடிலிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் குனிந்தே வாசித்தார், விரல் மட்டும் சந்தோஷமாக இருந்தது.

ராகம் ஆரம்பிக்கிறது எப்போதும் மூத்தவர் உரிமை. மதினி ஆரம்பித்தார். கீழே இறங்க இறங்கக் குரல் தேய்ந்து, ஓர் இடத்தில் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. முன்வரிசையில் இரண்டு தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்தன. மதினி கையைக் காட்டி ராகத்தை என்னிடம் விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு, தொடையில் கையை வைத்து உட்கார்ந்தார். அந்த உட்காருகை எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக அந்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். அதற்காக நான் குறைத்துப் பாடவில்லை. என் முறை இது என்று பாடினேன். நன்றாகவே பாடினேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் மூச்சை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதை மறந்து பாடத்தான் முடியவில்லை.

அந்தப் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் மதினி என் பக்கம் சாய்ந்து, “மத்திமத்துக்கு வை” என்றார்.

தம்புராவில் பஞ்சமத் தந்தியை மத்திமத்துக்கு இறக்கி, அதையே தரையாகக் கொண்டு பாடுவது ஒரு முறை. சில ராகங்களுக்கு அது உண்டு. அதில் கீழ் ஸ்தாயிக்குப் போகவே வேண்டாம், மேலேயும் ரொம்பப் போகவேண்டாம், இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கிற மாதிரி. கச்சேரி முடிகிற நேரத்தில் ஒன்றோ இரண்டோ பாட்டு அப்படிப் பாடுவார்கள். பாதியில் யாரும் அதற்குப் போகமாட்டார்கள். மாமா புருவத்தைத் தூக்கினார். நான் தந்தியை இறக்கினேன்.

மதினி எடுத்தார், நான் சேர்ந்துகொண்டேன். அங்கே அவருக்கும் இடம் இருந்தது, எனக்கும் இடம் இருந்தது. எட்டு வருஷத்தில் முதல்தடவையாக இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டது. அந்த இடத்தைவிட்டு வெளியே வர இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை. கடைசிவரைக்கும் மத்திமத்திலேயே பாடினோம். தெரிந்த பாட்டு தீர்ந்துபோய், பாடின ஒன்றையே வேறு வேகத்தில் இன்னொருதடவை பாடினோம். கமிட்டி செக்ரெட்டரி வந்து, ரொம்பப் புதுமையான புரோகிராம், இதை முன்கூட்டியே பிளான் பண்ணினீர்களா என்று கேட்டார். மாமா, ஆமா, வெகுகாலமாப் பிளான் பண்ணினது என்றார்.

ரோடு சரியாகி முதல் பஸ்ஸில் இறங்கினோம். பெருமாள்மலையில் நிறுத்தினார்கள். காபி வாங்கிக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர், கிழிந்த மிருதங்கத்துக்கு மதுரையில் புதுத் தோல் போட்டுவிட்டுப் போகலாமா என்று மதினியிடம் கேட்டார். மதினி காபியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமல், “அஞ்சுக்குப் போடச் சொல்லு” என்றார்.

ஐந்தரையிலிருந்து அரைக் கட்டை இறங்கி வந்திருக்கிறார். நான் அரைக் கட்டை ஏறவேண்டும். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லட்டும் என்று. நாலரை என்று சொல்ல வாய் வந்தது. மதினி டம்ளரைக் கழுத்தில் ஒட்டிவைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டினால் நான் செய்கிற வைத்தியம் அது. சரி மதினி என்றேன்.

ஐந்து அவருக்கும் சேராது, எனக்கும் சேராது. அவருக்குக் கீழே கொஞ்சம் இடிக்கும், எனக்கு மேலே கொஞ்சம் இடிக்கும். அதில்தான் பிறகு அத்தனை வருஷமும் பாடினோம். டாக்டர் சொன்ன மாதிரி என் தொண்டை போய்விடவில்லை. மதினி போய்ச் சேர்ந்த பிறகு, எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் பாடு, உன்னைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்றார் என் வீட்டுக்காரர். தம்புராவை எடுத்துக் கூட்டினேன். கை ஐந்தில் போய் நின்றது. தந்தி முறுக்குகிற பிருடையைத் திருப்பி நாலரைக்குக் கொண்டுவந்து பாடிப் பார்த்தேன். தொண்டை எங்கேயும் இடிக்கவில்லை. இரண்டு அடி பாடிவிட்டுத் திரும்ப ஐந்துக்கே ஏற்றிக்கொண்டேன்.