கரைய மறுத்த வெள்ளைப் பொடி

வீட்டில் அவளுக்குப் பெயர் ‘பதினஞ்சு செகண்டு’. வைத்தவர் கணவர், லிப்ட் மெக்கானிக். தண்ணீர்ப்பூச்சி என்று ஒரு ஜீவன் உண்டு. குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். ஒரு ரசாயனம் ஆற்றில் கலந்தால் அங்கே இருக்கும் உயிர்களுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க, முதலில் இந்தப் பூச்சியைத்தான் பிடிப்பார்கள். ரசாயனம் சேர்ந்த தண்ணீரில் விட்டு, இரண்டு நாள் கழித்துக் கிண்ணத்தை மெல்ல ஆட்டி, பதினைந்து நொடி உற்றுப் பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தினால் தப்பித்தது. நீந்தாவிட்டால் கணக்கில் ஏறிவிடும். பத்தொன்பது வருடம் இதே வேலையாகி, அவளுக்கு எதையும் பதினைந்து நொடி பார்க்காமல் முடிவு சொல்ல வராது. ஞாயிற்றுக்கிழமை சோபாவில் கிடக்கும் கணவரையும் அப்படித்தான் நின்று பார்ப்பாள். “இன்னும் உசிரு இருக்கு, எழுதிக்கோ” என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எதுவும் கரையாமல் அடியில் தங்கினால் பொறுக்க மாட்டாள். டீயைக் குடித்து முடித்தபின் தம்ளரின் அடியில் நாலு சர்க்கரை தெரிந்தால் அன்றைக்குப் பூராவும் முகம் சரியிருக்காது. கணவரும் நாத்தனாரும் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தபோது, இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேச வைத்தவள் அவள்தான். பேச ஆரம்பித்த நாத்தனார் இன்னும் நிறுத்தவில்லை. அது வேறு கதை.

ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். விளக்குக்குக் கீழே பூச்சிகள் துள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குத் தீனி போடுவதும், தண்ணீர் மாற்றுவதும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவதும் அவள் வேலை. ஆனால் அறிக்கையில் கையெழுத்து மட்டும் பட்டம் வாங்கியவர்கள்தான் போடலாம். அவள் பள்ளிப் படிப்போடு ஒரு வருடப் பயிற்சி முடித்தவள். இந்த வருடம்தான் மேலாளர் துணிந்து தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தாள்: பூச்சிச் சோதனை அறிக்கைகளில் இனி இவரே கையெழுத்திடலாம் என்று. அவளுக்கு அதில் கொள்ளை ஆசை. எண்ணுகிறவள் ஒருத்தி, பெயர் போடுகிறவர் இன்னொருவர் என்பது அவளுக்கு வெகுகாலமாக உறுத்தியது. பதில் அந்த வாரம் வரவேண்டும்.

அப்போதுதான் அந்தப் பொடி வந்தது. மின்கம்பியின் மேலுறை தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் அலுமினியச் சேர்மம். மாவு போல் வெள்ளை. தண்ணீரில் லேசில் கரையாது. இப்படிப்பட்டதற்கு முறை எளிது: இரண்டு நாள் கலக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், தண்ணீர் தானாக எவ்வளவு எடுத்துக்கொண்டதோ அதில் பூச்சியை விடவேண்டும். அவ்வளவுதான். அவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு நாள் முழுக்கக் கலக்கியும் குடுவையின் அடியில் பொடி அப்படியே கிடந்தது. அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வேறு எத்தனையோ உப்புகள் துளி அமிலத்துக்கு வழிக்கு வந்திருக்கின்றன. சில துளி விட்டாள். தண்ணீர் தெளிந்தது, அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு காரக் கரைசல் விட்டு அமிலத்தன்மையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வடிகட்டிப் பூச்சிகளை விட்டாள். குறிப்பேட்டில் “அமிலத்தன்மை சரிசெய்யப்பட்டது” என்று ஒரு வரி எழுதினாள்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீரில் விட்ட இருபதும் நீந்தின. பொடித் தண்ணீரில் இருபதில் பதினாறு அசையவில்லை.

“நச்சுதான் அக்கா, சந்தேகமே இல்ல” என்று மேலாளர் அறிக்கையை அடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

கிண்ணத்தைக் கழுவப் போகும்முன் பழக்கதோஷத்தில் அவள் ஒரு பூச்சியை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். துடுப்புப் போல அடிக்கும் கொம்புகளில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஐந்தை எடுத்து நல்ல தண்ணீரில் விட்டாள். கால் மணி நேரத்தில் நாலு பூச்சிகள் பஞ்சை உதறிவிட்டு நீந்தின.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அமிலத்தில் வலுக்கட்டாயமாகக் கரைந்தது, காரம் பட்டதும் மறுபடி திரிந்து, வடிகட்டிய பிறகும் பஞ்சு பஞ்சாகக் கட்டி, பூச்சிகளைப் பிடித்திருக்கிறது. எந்த ஆறும் பொடியை இப்படிக் கெஞ்சிக் கூத்தாடிக் கரைப்பதில்லை.

படிக்கட்டில் நின்று கணவருக்கு போன் போட்டாள்.

“என்னங்க, ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“யாராவது செத்துட்டாங்களா?”

“பதினாறு பேரு. அதுல நாலு பேரு எந்திரிச்சுட்டாங்க.”

“பூச்சியா?”

“பின்ன?” என்றவள் நடந்ததைச் சொன்னாள். சொன்னால் கையெழுத்து போய்விடும் என்பதையும் சொன்னாள்.

“எங்க வேலையில ஒண்ணு உண்டு” என்றார் அவர். “லிப்ட் நின்னுபோச்சுன்னா, பார்ட் கெட்டதா, நான் மாட்டினது கெட்டதான்னு முதல்லயே சொல்லிடணும். இல்லன்னா நல்ல பார்ட்டைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. சரி, போனை வை, நான் பதினோராவது மாடியில தொங்கிட்டிருக்கேன்.”

அவள் நேரே போய்ச் சொன்னதைக் கேட்டு மேலாளர் நெற்றியைத் தேய்த்தாள். “அக்கா, நச்சுன்னு எழுதினா யாருக்கும் கெடுதல் இல்லையே. ஜாக்கிரதையா இருந்துட்டுப் போறாங்க.”

“கெடுதல் இல்லதான் மேடம். ஆனா இது பொடி பண்ணது இல்ல. நான் பண்ணது.”

“ஆறு மாசத்துல நீங்க திருப்பிச் செஞ்ச சோதனை ஏதாவது உண்டான்னு நேத்துதான் தலைமை அலுவலகத்துல கேட்டாங்க. இல்லன்னு எழுதிட்டேன்.”

“மாத்தி எழுதிடுங்க.”

“எழுதினா உங்க விஷயம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.”

“தெரியும்” என்றாள்.

மறுபடி புதிதாகத் தொடங்கினாள். இரண்டு நாள் கலக்கும் இயந்திரம் ஓடியது. பக்கத்தில் போகும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பொடி கரையவில்லை. கரையாவிட்டால் போகிறது என்று விட்டாள். வடிகட்டி, பூச்சிகளை விட்டு, இரண்டு நாள் காத்திருந்தாள். ஆட்டிப் பார்த்தபோது இருபதும் தம்பாட்டுக்குத் துள்ளித் திரிந்தன. இன்னொரு தரம் எண்ணினாள். மனம் நிறைந்துவிட்டது.

தண்ணீர் தானாக எடுத்துக்கொள்ளும் அளவில் பொடியால் பூச்சிகளுக்குப் பாதிப்பு இல்லை என்று அறிக்கை தயாரானது. மேலாளர் கையெழுத்திட்டாள். முதல் சோதனையையும் ஒளிக்கக் கூடாது என்பது விதி; அது ஏன் தவறியது என்று ஒரு பக்கம் தனியாக அடித்து அதோடு சேர்த்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தை மேலாளர் அவள் பக்கம் நகர்த்தினாள். “இதுல நான் போட முடியாது அக்கா. தப்பு பண்ணவங்கதான் போடணும்.”

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தாள். அமிலத் துளிகள், அவற்றை விட்டவர், விட்ட நேரம் எல்லாம் இருந்தன. பத்தொன்பது வருடத்தில் அந்த ஆய்வகத்தின் கோப்பில் ஏறப்போகும் அவளுடைய முதல் கையெழுத்து அது. சுருக்கிப் போடவில்லை. முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினாள்.