வயிற்றுக்குள் ஆறு காந்த மணிகள்

எங்கள் தீவில் குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் முதலில் ஊட்டுவார்கள், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. தினமும் மீன் சாப்பிடுகிற ஊர் இது. தொண்டையில் முள் குத்தினால் வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து விழுங்க வைப்பார்கள், இல்லையென்றால் வாழைப்பழம். முள் இறங்கிவிடும், சாப்பாடு தொடரும். தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி, யார் வீட்டிலும் இதுதான் வைத்தியம். குழந்தை டாக்டரான என் வீட்டிலும் இதேதான்.

அன்று காலையிலேயே நல்ல மழை. அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்த ஒரு பெண், மூன்று வயது மகளை இடுப்பில் வைத்தபடி என் அறைக்குள் வந்தாள். முந்தானை சொட்டிக்கொண்டிருந்தது, குழந்தை மட்டும் நனையவில்லை. கணவருக்குக் கப்பலில் வேலை. போன தடவை மெயின்லேண்டிலிருந்து மகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கி வந்திருக்கிறார்: ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குட்டிக் குட்டிக் காந்த மணிகள். விடிந்ததும் மகள் அவற்றை மிட்டாய் மாதிரி வாயில் போட்டிருக்கிறாள். அம்மா ஓடிவந்து வாயைத் திறப்பதற்குள் எல்லாம் உள்ளே போய்விட்டது.

எக்ஸ்ரே படம் திரையில் வந்தது. மூடுபனி படிந்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வயிறு. அதன் நடுவில் ஆறு வெள்ளை மணிகள் வரிசையாகக் கைகோத்து நின்றன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் நான் அதை ரசித்தேன்.

ஒரே ஒரு மணி என்றால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். ஒன்றுக்கு மேல் போனால்தான் வம்பு. இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கியதும் ஒன்று இந்த மடிப்பிலும் மற்றொன்று அடுத்த மடிப்பிலும் தங்கி, நடுவிலிருக்கும் குடலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நசுங்கிய இடம் செத்து ஓட்டை விழும். அதற்குள், இரைப்பையில் இருக்கும்போதே, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிட வேண்டும்.

"கடைசியா என்ன சாப்பிட்டா?" என்று கேட்டேன்.

"வாழப்பழம் டாக்டரம்மா. வீட்டுல ரெண்டு குடுத்தேன், போட் ஜெட்டியில ஒண்ணு. போட்டுல ஒரு பெங்காலி அக்கா, 'பச்சி கோ கேலா கிலாவ், புள்ளைக்குப் பழம் குடு'ன்னு அவங்க பையிலருந்து ஒரு பழம் எடுத்துக் குடுத்தாங்க. ஒரு தெலுங்கு அண்ணா டிபன் டப்பாவத் தொறந்து சோத்து உருண்ட புடிச்சுக் குடுத்தாரு. புள்ள சமத்தா எல்லாத்தையும் முழுங்கிருச்சு."

சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. படகே கூடி அவள் மகளைக் காப்பாற்றியிருந்தது.

மயக்க மருந்து டாக்டர் ஒரே வார்த்தையில் முடியாது என்றார். நிறைந்த வயிற்றோடு மயக்கம் கொடுத்தால் சாப்பிட்டது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்று வலி இல்லை, வாந்தி இல்லை, அதனால் ஆறு மணி நேரம் பொறுக்கலாம் என்றார். அந்த ஆறு மணி நேரத்தில் மணிகள் குடலுக்குள் இறங்கினால் வயிற்றைக் கிழிக்க வேண்டியதுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். "ஏம்மா, ஊட்டி ஊட்டியே புள்ளையக் கொன்னுடுவீங்க போலருக்கே!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவள் குழந்தையின் உதட்டோரம் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை மெதுவாகத் துடைத்தாள்.

பிறகு காத்திருந்தோம். மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. வார்டு ஜன்னலில் அக்கரை கொஞ்ச நேரம் தெரியும், கொஞ்ச நேரம் இல்லாமலே போய்விடும். மற்ற குழந்தைகளைப் பார்த்தேன், மருந்து எழுதினேன். ஆனால் மனம் அந்தச் சாம்பல் வயிற்றுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடினால் ஆறு மணிகளும் இருட்டில் மெதுவாக மிதந்து போயின. எங்கே போகிறீர்கள், அங்கேயே இருங்கள் என்று நான் அவற்றிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எப்போது நினைத்தாலும் அந்தப் பகல் தண்ணீருக்கு அடியில் கழிந்தது போலத்தான் ஞாபகம் வருகிறது. குழந்தை பசிக்குது பசிக்குது என்று அழுது, அம்மா மடியிலேயே தூங்கிப்போனது.

மதியம் மூன்று மணிக்கு இன்னொரு படம் எடுத்தோம். மணிகள் இரைப்பையின் கீழ்வாசல் வரை வந்து நின்றிருந்தன. நல்லவேளை, தாண்டவில்லை. அரை மணி நேரத்தில் குழாயின் முனையைக் கவ்விக்கொண்டு ஆறும் ஒன்றாக வெளியே வந்தன. உள்ளே ஒரு கீறல்கூட இல்லை.

இங்கே சீக்கிரம் இருட்டிவிடும். விளக்குப் போடும் நேரத்தில் குழந்தை நன்றாக விழித்துக்கொண்டு சோறு கேட்டது. சிஸ்டர் கஞ்சி கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே குடுங்க டாக்டரம்மா. எனக்குக் குடுக்கத் தெரியல."

கிண்ணத்தை நான் வாங்கினேன். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அம்மாவையே பார்த்தது.

"காலையில கோபத்துல கத்திட்டேன்மா. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் கைகள் வெளியே வரவில்லை. அவள் மகளின் வயிற்றில் விழாத ஓட்டையை நான் எங்கே போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

குழந்தை மறுபடி அழ ஆரம்பித்த பிறகுதான் அவள் கிண்ணத்தை வாங்கினாள். கரண்டியில் பாதிக்கும் குறைவாக எடுத்து, மகளுக்குக் காட்டும் முன் எனக்குக் காட்டினாள்.

"இவ்வளவு குடுக்கலாமா?"

"குடுங்கம்மா."

குழந்தை ஆவென்று வாயைத் திறந்தது. அடுத்த கரண்டியையும் என்னிடம் காட்டினாள், அதற்கடுத்ததையும் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினேன். அந்தக் கிண்ணம் காலியாகும்வரை அங்கிருந்து நகர எனக்குத் துணிவு வரவில்லை.