மாமாவின் அஞ்சு கட்டையும் நான் வாங்கிய கபோவும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டியில் கிடாரோடு ஏறினேன். கண்டக்டர் என்னையும் கிடாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு லக்கேஜ் போடட்டுமா... இல்ல, பாடிக்கினே வரப் போறியா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். என் கவலை எனக்கு. நான் போய்க்கொண்டிருந்தது ஒரு கபோ வாங்க!

கபோ தெரியுமா உங்களுக்கு? கிடார் கையில் வரும்வரை எனக்கும் தெரியாது. கிடாரின் கழுத்தில் ஆறு தந்திகளையும் ஒரே அழுத்தாகப் பிடித்துக்கொள்கிற சின்ன கிளிப். கழுத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள் இல்லையா... கபோவை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினால் சுருதி ஏறும். விரல்கள் மட்டும் பழகிய மாதிரியே வாசித்துக்கொண்டிருக்கலாம். என்னைப் போல நாலே நாலு கார்டு — விரல் பிடி — தெரிந்தவனுக்கு அது மூன்றாவது கை!

திடீரென்று அந்தக் கை எதற்குத் தேவைப்பட்டது? என் தாய்மாமாவுக்காக.

மாமா சிதம்பரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். மார்கழி பஜனையில் அவர் குரல் முன்னால் போகும்; கோஷ்டி பின்னால் வரும். "நமக்கு அஞ்சு கட்டைடா!" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஹார்மோனியக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தானே சொல்வார்கள்? ஆம்பளைக் குரலுக்கு அஞ்சு ரொம்ப ஜாஸ்தி.

போன வருஷம் அவருக்குத் தைராய்டு ஆபரேஷன். பேச்சு திரும்பி வந்தது. உச்சிக் குரல் வரவில்லை. "பாடலாம், கத்தக் கூடாது" என்றார் டாக்டர். மாமா பாடிப் பார்த்தார். மேலே போகும்போது குரல் வெறும் காற்றாகப் போனது. வாயை மூடிக்கொண்டவர்தான். பஜனைப் பக்கமே போகவில்லை.

"கொஞ்சம் எறக்கிப் பாடுங்களேன் மாமா."

"எறக்கிப் பாடறதுக்கு எதுக்குடா பாடணும்?"



இந்த நிலைமையில்தான் அவர் மகள் கலைக்குக் கல்யாணம் நிச்சயமானது. கலை நர்ஸ். என்னைவிட ஒரு வயசு பெரியவள். பிடிவாதத்தில் அப்பனைவிடப் பெரியவள்.

"யப்பா, சின்னப் புள்ளைல எனக்கு ஒரு தாலாட்டு கட்டிப் பாடுவியே... ரிசப்ஷன்ல அதப் பாடற. இல்லன்னா நான் மேடை ஏற மாட்டேன்." அப்படியே என் பக்கம் திரும்பி, "டேய், நீதான் கூட வாசிக்கற" என்றாள்.

மாமா கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டு ஆட்டோ துடைக்கப் போய்விட்டார். பாடாவிட்டால் மகள் முகம் வாடும். பாடி, குரல் உடைந்தால்... ஊரே பார்க்கும்.

முதலில் ஆன்லைனில் ஒரு கபோ வாங்கினேன். ஸ்டார் பார்த்தேன். ரிவ்யூ எல்லாம் படித்தேன். மாட்டினால் ஓரத் தந்திகள் இரண்டும் ஈ மாதிரி கொய்ங் என்றன. ஏன்? என் கிடார் கழுத்தின் மேற்பக்கம் லேசாக வளைவானது. வந்திருந்த கபோவோ தட்டை — நைலான் தந்தி கிடாருக்கானது. ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன், வீட்டில் இருந்த கிடாரைத் தடவிப் பார்க்கவில்லை! நாம் வாங்குகிற பாதிப் பொருள் இப்படித்தான் வந்து சேருகிறது, இல்லையா?

"செருப்பு வாங்கப் போறவன் கால வூட்ல வுட்டுட்டுப் போவானா? கிடாரத் தூக்கிக்கினு கடைக்குப் போடா" என்றார் மாமா.

அதனால்தான் அந்த பஸ் பயணம்.

கடலூர் கடையில் மூன்று தினுசு வைத்திருந்தார்கள். ஒன்று எலாஸ்டிக் பட்டை. மலிவு, இழுத்து மாட்ட மாட்டத் தொளதொளத்துவிடும் என்று பார்த்தாலே தெரிந்தது. அடுத்தது ஸ்பிரிங் வைத்தது. ஒரே கையால் டக்கென்று மாட்டலாம், கழற்றலாம். ஆனால் அந்த ஸ்பிரிங்கின் முறைப்பில் என் மெல்லிய தந்திகள் கொஞ்சம் இழுபட்டு, போனில் சுருதி காட்டும் டியூனர் முள் வலது பக்கம், ஏற்றத்தில் சாய்ந்தது. மூன்றாவது திருகு வைத்தது. மாட்ட நேரமாகும். ஆனால் எவ்வளவு அழுத்தலாம் என்பது நம் கையில்.

மாட்டினேன். கழற்றினேன். மறுபடி மாட்டினேன்.

"தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறியே! எதுனா ஒண்ணப் புடிச்சிருக்குன்னு சொல்லேம்பா" என்றார் கடைக்காரர்.

திருகு வைத்ததையே எடுத்தேன். தேறி வருகிற தொண்டைக்கு வாசிக்கப் போகிறோம்... முறைப்பு எதற்கு?

அன்று சாயங்காலமே மாமா வீடு. "எத்தன கட்ட மாமா?"

"இது இன்னா கேள்வி? அஞ்சுதான்!"

எண்ணி ஐந்தாவது கட்டத்தில் மாட்டினேன். தட்டினேன். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் மெட்டு மேலே ஏறும். குரல் ஏறியது... நின்றது. உடையவில்லை!

கையில் மாவோடு கலை ஓடி வந்தாள்.

"பாத்தியா? அஞ்சு கட்ட அப்பிடியே இருக்குது. எங்கியும் போவல!" என்றார் மாமா. அதற்கப்புறம் ஆட்டோவில் ஏறினவர்களுக்கெல்லாம் தாலாட்டுதான்.

எங்கள் குடும்பத்து ஆம்பளைகளில் முதலில் காலேஜ் போனவன் நான். அதில் ஒரு சங்கடம் உண்டு. நான் எதைச் செய்தாலும் வீட்டில் யாரும் சரிபார்ப்பதில்லை.

ரிசப்ஷன். மேடையில் ஆர்கெஸ்ட்ரா. மாமா மைக்கைப் பிடித்து கீபோர்டு தம்பியிடம் கம்பீரமாக, "அஞ்சு கட்ட குடுப்பா" என்றார். அவர் கொடுத்தார். நானும் தட்டினேன்.

ஐயோ! எதிரெதிரே வந்த இரண்டு பஸ் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்த மாதிரி இருந்தது.

கீபோர்டு தம்பி எட்டிப் பார்த்தார். "ப்ரோ, நீங்க நாலு கட்டைல இருக்கீங்க."

"இல்லையே... அஞ்சாவதுலதான போட்டிருக்கேன்?"

"அஞ்சாவது கட்டம்னா நாலு கட்டதான் ப்ரோ!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளைத்தான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். கறுப்பு வந்தால் அரை. கிடாரில் நான் வாசிப்பது ஒரு கட்டையில் தொடங்கி, கட்டத்துக்கு அரை அரையாக ஏறும்; மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் மட்டும் கறுப்பே கிடையாது. இரண்டு ஐந்தும் ஒன்று என்று நானாக முடிவு பண்ணியிருக்கிறேன்!

மைக் ஆனில் இருந்தது. மண்டபமே கேட்டது. அப்படியானால் இத்தனை நாளும் மாமா பாடியது...

கலை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். என் கை திருகுக்குப் போனது. "ஏத்திடட்டுமா மாமா?" என்றேன்.

மாமா மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு கீபோர்டு பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ எறங்கி வா. அவன் இருக்கற எடத்துலியே இருக்கட்டும்."

பாடினார். இரண்டாவது அடி ஏறியது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, வேண்டுமென்றே ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கியது. கலையின் மேக்கப் மொத்தமும் கன்னத்தில் வழிந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் மாமா மைக்கைக் கொடுப்பார் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. அடுத்த பாட்டு. அதற்கடுத்தது. பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

நாற்காலியிலிருந்து கலை எனக்குக் கையாட்டினாள். "டேய்... அந்தக் கிளிப்பக் கழட்டுடா! மாப்ள பசியோட ஒக்காந்திருக்காரு!"